தேனீப் பெட்டிக்குக் காவல் யார்?

சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரங்களில் தேரிக்காட்டை ஒட்டிய தோட்டங்களில் முருங்கை பூத்துவிட்டால் தேனீக்களுக்குக் கொண்டாட்டம்தான். விடிந்தும் விடியாததுமாக மரம் முழுவதும் ஒரே இரைச்சலாக இருக்கும். அந்தச் சமயத்தில் தோட்டத்தில் பத்துத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கும் விவசாயிக்கு இரட்டை ஆதாயம். தேனும் கிடைக்கிறது, காயும் கூடுதலாகப் பிடிக்கிறது. ஆனால், பெட்டி வைத்தவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் அவர் தேனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்வார். "எல்லாம் சரிதான் அண்ணாச்சி, ராத்திரி காவலுக்கு யாரு இருக்கா?" என்பதுதான் அது.

கேள்வி நியாயமானது. மாட்டை இரவில் தொழுவத்தில் கட்டலாம். கோழியைக் கூடையில் கவிழ்க்கலாம். நெல்லை வீட்டுக்குள் ஏற்றிவிடலாம். தேனீப் பெட்டி ஒன்றுதான் இரவும் பகலும் வெட்டவெளியில், வாசல் திறந்தபடியே இருந்தாக வேண்டிய சொத்து. வாசலைப் பூட்டினால் தொழில் நடக்காது. வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் வீட்டில் ஆள் இருக்க முடியாது.

ஒரு காலத்தில் இந்தக் கவலை இவ்வளவு இல்லை. பானையிலும் மரப்பொந்திலும் சுவர் மாடத்திலும் தேனீ இருந்தவரை, தேனை எடுக்க வேண்டுமானால் அடையைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். கூட்டத்தோடு தூக்கிக்கொண்டு போவதற்கு வழியில்லை. 1910-களில் திருச்சிப் பகுதியில் பாதிரியார் நியூட்டன் கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட பெட்டியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1924 முதல் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையம் குமரி மாவட்டத்துக் குடியானவர்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. இன்று தென்மாவட்டங்களில் இந்தத் தொழில் நடப்பதற்கு இவையே அடிப்படை. கையால் தூக்கக் கூடிய பெட்டி, கையால் உருவக் கூடிய சட்டம், ஓர் இடத்தில் பூ முடிந்தால் இன்னோர் இடத்துக்கு வண்டியில் ஏற்றிப் போகும் வசதி எல்லாம் வந்தன. வளர்ப்பவருக்கு வசதியானது திருடனுக்கும் வசதியாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை.

தூத்துக்குடிக் கரைக்கு, திறந்தவெளியில் கிடக்கும் செல்வத்தைக் காப்பது புதிய வித்தை அல்ல. உப்பளத்தில் வாரிக் குவித்த உப்புக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. பனை ஓலையை மேலே மூடிவிட்டு வந்துவிடுவார்கள். எந்தக் குவியல் யாருடையது என்பது அந்த அளத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அதுவே காவல். முத்துக்குளிப்பு நடந்த நாளிலும் அப்படித்தான். கடைசிக் குளிப்பு 1961-இல் நடந்து முடிந்துவிட்டது. இந்தத் தலைமுறைக்கு அது கேள்விப்பட்ட கதை. கடலுக்கடியில் பாரில் கிடக்கும் சிப்பிக்கு யார் வேலி போடுவது? சர்க்கார் தன் பங்குக்குக் காவல் வைத்திருந்தது என்றாலும், பிரிட்டிஷார் காலத்தில் குளித்து எடுத்தவர்களுக்கு எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு என்ற ஏற்பாடும் இருந்தது. பங்கு கிடைக்கிறவன் அடுத்தவன் கை நீளுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான்.

தேனீப் பெட்டியின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. அதன் ஆதாயத்தில் பலருக்குப் பங்கு உண்டு. காவலில் மட்டும் ஒருவருக்கும் பங்கு இல்லை. வெளியூரிலிருந்து ஒருவர் பெட்டிகளைக் கொண்டுவந்து முருங்கைத் தோட்டத்தில் இறக்குகிறார். தோட்டக்காரர் இடம் கொடுக்கிறார். தேனீக்கள் அவருடைய மரத்தோடு நிற்பதில்லை. ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்கு மேலும் போய்ப் பக்கத்துத் தோட்டம், அதற்கடுத்த தோட்டம் என்று எல்லார் பூவிலும் உட்கார்ந்து மகரந்தத்தைச் சேர்க்கின்றன. காய் பிடிப்பது எல்லாருக்கும் கூடுகிறது. பெட்டி காணாமல் போனால் மட்டும், "பெட்டி அவரது, எனக்கு எதுக்கு அண்ணாச்சி வம்பு?" என்று அத்தனை பேரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இது சரியில்லை. பூவுக்கு உடையவர்தான் பெட்டிக்கு முதல் காவலாளி. அவர் அப்படி நினைக்காதவரை எந்தப் பூட்டும் உதவாது.

திருட்டு என்றால் பெட்டியோடு தூக்கிப் போவது மட்டும் இல்லை. அதைவிட அதிகத் தொல்லை தேன் திருட்டு. இரவில் வந்து மூடியைத் திறந்து, ஓலைச் சூட்டையோ பீடியையோ காட்டித் தேனீயை விரட்டிவிட்டு, மேல் அறையில் உள்ள தேன் சட்டங்களை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு கிலோ தேன்தானே போயிற்று என்று நினைக்கக் கூடாது. அவசரத்தில் மேல் அறை நிறையவில்லை என்றால் கீழே புழு அறையிலும் கை வைக்கிறார்கள். புழுவோடு அடை நசுங்குகிறது. ராணி நசுங்கினால் அந்தக் கூட்டத்தின் கதி அதோடு சரி. இந்தியத் தேனீயின் சுபாவம் வேறு. இத்தாலியத் தேனீயைப் போல அது எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு இருக்காது. மிரண்டால் பெட்டியை விட்டே கிளம்பிவிடும். மறுநாள் காலையில் பெட்டி இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தேனீ இல்லை. திருடனுக்குக் கிடைத்தது நூறு இருநூறு ரூபாய்ப் பண்டம். உடையவருக்குப் போனது ஒரு வருட உழைப்பு.

கூட்டம் என்பது கடையில் நினைத்தபோது வாங்கும் சரக்கு அல்ல. 1991, 1992 ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. வெறும் பெட்டிகள் வீட்டு மூலையில் அடுக்கிக் கிடந்த காலம் அது. மறுபடி கூட்டம் பிடித்துப் பெருக்கி நிலைக்குக் கொண்டுவர எத்தனை பாடு பட வேண்டியிருந்தது என்பது குமரி மாவட்டத்துப் பழைய ஆட்களுக்குத் தெரியும்.

பெட்டியையே தூக்கிப் போகிறவன் பெரும்பாலும் தொழில் தெரிந்தவன் என்பதை மறக்கக் கூடாது. தேனீயைக் கண்டு பயப்படுகிறவன் இருட்டில் வாசலைத் துணியால் அடைத்து, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, சைக்கிளிலோ ஆட்டோவிலோ ஏற்றமாட்டான். வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து வாதுமைத் தோட்டங்களுக்குப் பிப்ரவரி மாதப் பூப்பருவத்தில் பெட்டிகளை வாடகைக்கு வைப்பது பெரிய தொழில். அங்கே பல இடங்களில் காணாமல் போன சுமார் 2,500 பெட்டிகள் 2017-இல் பிரெஸ்னோ பகுதியில் அகப்பட்டன. மதிப்பு ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். வழக்கில் சிக்கியவர்களில் ஒருவர் தாமே தேனீ வளர்ப்பவர். பல நிறத்தில், பலருடைய முத்திரையோடு ஒரே இடத்தில் பெட்டிகள் அடுக்கியிருந்ததுதான் காட்டிக்கொடுத்தது.

இதில் இங்குள்ள சிறு விவசாயிக்கு ஒரு பாடம் இருக்கிறது. முத்திரை இல்லாத பெட்டியைப் போலீஸே கண்டுபிடித்தாலும் இன்னாருடையது என்று சொல்ல முடியாது. எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, ஒரே மரம். மானியத்தில் கிடைத்த பெட்டிகள் என்றால் கேட்கவே வேண்டாம், ஒரே அச்சு. ஆட்டுக்குக் காதில் வெட்டு, மாட்டுக்குச் சூடு என்று அடையாளம் வைக்கிற ஊரில் தேனீப் பெட்டிக்கு மட்டும் ஏன் இல்லை? பெயிண்டில் எழுதுவது போதாது. மேலே வேறு பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும். ஒரு பழைய கம்பியைப் பழுக்கக் காய்ச்சி இரண்டு எழுத்தைச் சுட்டுவிட வேண்டும். அதையும் மூடியில் மட்டும் சுட்டால் மூடியை மாற்றிவிடுவான். பெட்டியின் உட்புறப் பலகையிலும், ஒவ்வொரு சட்டத்தின் மேல்கட்டையிலும் சுட வேண்டும். கூட்டம் குடியேறும் முன்பே இதைச் செய்துவிட்டால் ஒரு பகல் வேலை. கைப்பேசியில் ஒரு படமும், வாங்கிய ரசீதும் இருந்தால் உரிமைக்குச் சாட்சி ஆகிவிட்டது. தேசியத் தேனீ வாரியம் 2021-இல் தொடங்கிய மதுகிராந்தி இணையப் பதிவிலும் பெயரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. அந்தப் பதிவு திருடனைப் பிடித்துத் தராது. ஆனாலும் இவர் இந்தத் தொழில் செய்கிறவர்தான் என்பதற்கு ஒரு காகிதம் கையில் இருக்கும்.

பெட்டி போன அன்று காலையில் பலரும் செய்கிற தவறு, காலித் தாங்கியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்க்க வேண்டும். தேனீ தன் வீட்டை இடத்தை வைத்துத்தான் அறிகிறது. பெட்டியை ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் கொண்டுபோய் வைத்திருந்தால், வாசல் திறந்ததும் வெளியே போகும் வேலைக்காரத் தேனீக்கள் இரைதேடிவிட்டுப் பழக்கப்பட்ட பழைய இடத்துக்கே வந்து சேரும். பொழுது ஏற ஏறத் தேனீக்கள் வந்து வெறும் தாங்கியைச் சுற்றிக் கூடிக்கொண்டே போனால் பெட்டி பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். வரவே இல்லை என்றால் வண்டி ஏறிப் போய்விட்டது. முதலாவது ஆனால், ஊருக்குள்ளேயே பத்துப் பேர் காதில் விஷயத்தைப் போட வேண்டும். கொண்டுபோனவனே மறுநாள் இரவில் எங்கேனும் வேலியோரம் வைத்துவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. தூரம் போய்விட்டது என்று தெரிந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தாமதம் செய்யக் கூடாது.

போலீஸுக்குப் போவதில்தான் தயக்கம் அதிகம். "பூச்சி காணோம்னு எழுதிக் குடுத்தா சிரிப்பாங்க" என்கிறார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பெட்டியும் அதில் குடியிருக்கும் கூட்டமும் ஒருவர் வசம் இருக்கும் சொத்து. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் திருட்டுக்கு 303-ஆம் பிரிவு, சொத்தை நாசம் செய்வதற்கு 324-ஆம் பிரிவு. இதில் கவனிக்க வேண்டியது மதிப்பு. திருடிய பொருள் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவு, குற்றவாளிக்கு இது முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமுதாயப் பணியோடு தண்டனை முடிந்துவிடும். நாசம் செய்த நஷ்டம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் என்றால் தண்டனை இரண்டு வருடம் வரை போகும். ஆகவே, "பெட்டி போச்சு" என்று ஒரு வரியில் எழுதிக் கொடுக்காமல் பெட்டி, கூட்டம், சட்டங்கள், அதில் இருந்த தேன் எல்லாவற்றுக்கும் தனித்தனியே மதிப்புப் போட்டு எழுத வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீதாவது கையில் வாங்காமல் திரும்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கை போட்டால் அதன் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். யாருமே புகார் கொடுக்காத வட்டாரத்தில் தேனீப் பெட்டித் திருட்டே இல்லை என்றுதான் சர்க்கார் ஏடு சொல்லும்.

இனி, திருடாமல் உடைத்துப் போடுகிறவர்களின் கதை. இது திருட்டை விட மனத்தை வாட்டுவது. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சூ சிட்டி என்ற ஊரில் ஒரே இரவில் ஐம்பது பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். உறைபனியில் ஏறக்குறைய ஐந்து லட்சம் தேனீக்கள் செத்தன. பிடிபட்டவர்கள் யார் தெரியுமா? பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் இருவர். அங்கே குளிர் கொன்றதை இங்கே வெயில் செய்துவிடும். தேரி மணலில் காலை பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. அந்த மணலில் அடை விழுந்து கிடந்தால் மெழுகு இளகிப் புழு வெந்துவிடும். மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொள்ளும். ஆகவே பெட்டி உடைந்து கிடப்பதைக் கண்டவுடன் கைப்பேசியில் இரண்டு படம் எடுத்துவிட்டு, போலீஸ் வரட்டும் என்று காத்திராமல் புழு அடைகளை நிமிர்த்திச் சட்டத்தில் கட்டி நிழலில் வைக்க வேண்டும். பக்கத்துச் செடியில் கொத்தாகத் தேனீ தொங்கினால் ராணி அதற்குள் இருக்கக் கூடும். அதைப் பெட்டிக்குள் விட்டு, வாசலைச் சிறிதாக்கி, பொழுது சாய்ந்தபின் சர்க்கரைப் பாகு வைத்தால் பாதிக் கூட்டமாவது பிழைக்கும். பகலில் பாகு வைத்தால் மற்றப் பெட்டித் தேனீக்கள் கொள்ளைக்கு வந்துவிடும்.

பையன்கள் கல்லெறிவது ஒரு பக்கம் இருக்கட்டும். பெரியவர்கள் உடைப்பதற்கு ஏதேனும் காரணம் இருக்கிறது, அதைக் கேட்டறியாமல் திட்டுவதில் பயனில்லை. பள்ளிக்கூடம் போகும் பாதையைப் பார்த்து வாசல் வைத்தால் பிள்ளைகளைக் கொட்டத்தான் செய்யும். தோட்டத்தில் தண்ணீர் வைக்காவிட்டால் கோடையில் தேனீக்கள் அடுத்த வீட்டு மாட்டுத் தொட்டியில்தான் போய் மொய்க்கும். இந்த இரண்டுக்கும் மருந்து சுலபம். வாசலைத் தோட்டத்தின் உள்பக்கம் திருப்பி, பாதையோரம் ஆள் உயரத்துக்கு மேல் ஓலைத் தட்டி கட்டினால் தேனீ மேலெழும்பிப் பறக்கும். பெட்டிக்கு அருகே மண்சட்டியில் கூழாங்கல் போட்டு நல்ல தண்ணீர் வைத்தால் போதும்.

பனைத் தொழிலாளியின் குறைதான் லேசில் தீராதது. பதநீர் இறங்கும் காலத்தில் கலயத்தைத் தேடித் தேனீ வருகிறது. கருப்பட்டி காய்ச்சும் விளையில் பாகு வாசனைக்குக் கூட்டமாக வந்து விழுகிறது. அடுப்படியில் நிற்கும் பெண்கள் கொட்டுப்படுகிறார்கள். பாகில் செத்து விழுந்த தேனீயை அரித்து எடுக்கிற வேலை வேறு. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்ற பண்டம். அதில் பூச்சி கிடந்தால் யார் வாங்குவார்கள்? கோபத்தில் ஒருவர் தீப்பந்தத்தைப் பெட்டிக்குள் செருகினால் அது குற்றம்தான். ஆனால் கருப்பட்டி விளைக்கு அருகில் பெட்டியை இறக்கியவருக்கும் அதில் பங்கு உண்டு. பெட்டி இறக்குமுன் பனையேறுகிறவர்களைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். விளைக்கு எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும். காய்ச்சும் இடத்தைச் சுற்றிக் கட்ட வலை வாங்கிக் கொடுப்பது பெட்டிக்காரருக்குப் பெரிய செலவல்ல. முருங்கைப் பூ குறைந்து பதநீர் மும்முரமாகும்போது பெட்டிகளை வாழைப் பக்கமோ சூரியகாந்திப் பக்கமோ நகர்த்திவிடுவது இன்னும் உத்தமம். தேன் எடுக்கிற அன்று அந்த வீடுகளுக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிட்டால், அடுத்த வருடம் பெட்டிப் பக்கம் அந்நியன் நடமாடினால் பனை உச்சியிலிருந்து முதல் சத்தம் போடுகிறவர் அவராகத்தான் இருப்பார். பனை மேல் இருக்கிறவருக்குத் தெரியாமல் தேரியில் யாரும் நடந்துவிட முடியாது.

மருந்து அடிப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மொட்டுப் புழுவுக்கென்று பூ நிறைந்த மரத்தில் காலை நேரத்தில் விஷ மருந்து தெளித்தால், பத்துப் பெட்டியைக் கோடாலியால் உடைத்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. உடைத்தவன் பெயராவது வெளியே வரும். தவிர்க்க முடியாமல் தெளிக்க வேண்டுமானால் பொழுது சாய்ந்து தேனீ அடங்கிய பிறகு தெளிக்கலாம். முந்தின நாளே பெட்டிக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும். எந்த மருந்து தேனீக்கு ஆகாது என்று கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ தோட்டக்கலைத் துறையிலோ கேட்டால் சொல்வார்கள்.

இப்போது காமிரா, கைப்பேசியில் இடம் காட்டும் கருவி என்றெல்லாம் வந்திருக்கின்றன. லாரியில் இருநூறு பெட்டி ஏற்றி ஊர் ஊராகப் போகிறவர் நாலு பெட்டிக்குள் கருவியை ஒளித்து வைத்தால் அதில் அர்த்தம் உண்டு. பத்துப் பெட்டிக்காரர் அந்தப் பணத்துக்கு இன்னும் ஒரு கூட்டம் வாங்கிவிடலாம். அவருக்கு வேண்டியது பெட்டி ரோட்டிலிருந்து தெரியாமல், வீட்டுத் திண்ணையிலிருந்து தெரிகிற இடம். வெள்ளைப் பெயிண்ட் நிலா வெளிச்சத்தில் ரோடு வரை பளபளக்கும். செம்மண் நிறமோ பச்சையோ அடித்தால் கண்ணில் படாது. கிளுவை வேலியும் உடைமுள்ளும் காசில்லாமல் கிடைக்கிற காவல். நாயைப் பெட்டியோடு கட்டிப்போடுவது மட்டும் வேண்டாம். கொட்டுப்பட்டு ஓடவும் முடியாமல் அது செத்துப்போகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்க வேண்டியது ஒரு பேச்சுவார்த்தை. வெளியூர்ப் பெட்டிகள் வந்து இறங்குகிற அன்றே தோட்டக்காரரும் பெட்டிக்காரரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும். எத்தனை பெட்டி, என்ன முத்திரை, எந்தத் தேதி வரை, தேனில் தோட்டக்காரருக்கு எத்தனை கிலோ, இரவில் யார் பார்த்துக்கொள்வது, பெட்டி போனால் நஷ்டத்தில் யாருக்கு எவ்வளவு, மருந்து அடிப்பதை யார் யாருக்குச் சொல்வது என்று எல்லாம் அதில் இருக்கட்டும். "தெரிஞ்ச ஆளு, எழுத்து எதுக்கு?" என்று இரு தரப்பும் கூச்சப்படுவார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறபோது அந்தக் கூச்சம் இருப்பதில்லை. நஷ்டத்தில் கால் பங்கு தோட்டக்காரருடையது என்று எழுதினால் அவருக்குக் கசக்கும்தான். அதற்கு ஈடாகத் தேனில் அவர் பங்கைக் கூட்டிக் கேட்கட்டும், பெட்டிக்காரரும் கொடுக்கட்டும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் பணம் ஒன்றும் போட வேண்டாம். இரவில் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போடப் போகிறவர்கள் போகிற வழியில் டார்ச்சைப் பெட்டிப் பக்கம் ஒரு தடவை அடித்துவிட்டுப் போனால் போதும்.

இந்தத் தாளின் நகல் ஒன்றை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் இன்னொன்றைப் போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுத்து வைக்கலாம். முதல் வருடம் வாங்கி வைத்துக்கொள்ள மறுப்பார்கள். இரண்டாம் வருடம் பத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து போனால் வாங்கிக்கொள்வார்கள்.